சல்லடையில் தங்கும் பஞ்சு

திங்கள், இரவு ஷிப்ட்

இன்று ஓடியது பருத்தி லாட். சாயத்துக்கு முன் பயோ வாஷ். செல்லுலேஸ் என்சைம் துணியின் மேல் நிற்கும் மயிரிழைகளை அரித்து உதிர்த்துவிடும். திருப்பூர்ப் பனியன் வழவழப்பாக இருப்பது அதனால்தான். உதிர்ந்தது சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினின் லின்ட் ஃபில்டரில், அதாவது பஞ்சுச் சல்லடைக் கூடையில், வந்து சேரும். கூடையை வெளியே தூக்கினால் உள்ளே நனைந்த கம்பளிபோல அப்பிக் கிடக்கிறது. இதை எடுக்காமல் சாயம் ஏற்றினால் தண்ணீர் ஓட்டம் குறையும், துணி சுற்றாமல் சிக்கும், நிறம் திட்டுத்திட்டாக விழும். அப்புறம் பழி சாயத்தின் மேல்!

புதன்

புதிதாகச் சேர்ந்த பையன் ஃபில்டர் கூடையைத் தேய்க்கக் கம்பி பிரஷை எடுத்தான்.

"வேண்டாந் தம்பி, நைலான் பிரஷ் எடு."

"இதுல சீக்கிரம் போகுதுங்கண்ணா."

போகும்தான். வலைக்கண்ணும் விரிந்துபோகும். அந்த வழியாகத் தப்பும் பஞ்சு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பஞ்சு உட்பக்கம் படிகிறது. ஆகவே தண்ணீரை வெளியிலிருந்து உள்நோக்கி அடிக்க வேண்டும். வெள்ளையாக உப்புக்கறை பிடித்திருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடவே கூடாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரித்துப் பொத்தலாக்கிவிடும். கழுவியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடைபட்ட கண் தானாகத் தெரியும்.

வெள்ளி

பாலியஸ்டர் லாட், 130 டிகிரி. அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்காமல் அடங்கியிருப்பது அழுத்தத்தால். ஃபில்டர் மூடியைத் திறந்தால் அந்த நொடியே ஆவியாகச் சீறி, நிற்பவரை வேகவைத்துவிடும். சூடு இறங்கி, கேஜ் முள் பூஜ்யத்தில் நின்று, வடிகால் வால்வில் தண்ணீர் வடிந்து, பம்ப் சுவிட்சைப் பூட்டிய பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். லாட் அவசரம் என்று இதில் ஒன்றைக்கூட விடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஞாயிறு

கூடையில் எடுத்த பஞ்சைச் சாக்கில்தான் கட்ட வேண்டும், சாக்கடையில் தள்ளக்கூடாது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஆர்.ஓ. சவ்வு வழியாகத் திரும்பி வருகிறது. நாம் தள்ளிவிட்ட பஞ்சு அங்கே இன்னொருவர் சல்லடையை அடைக்கும்.

பட்டறை நடத்துபவர்களே, ஒவ்வொரு லாட்டுக்கும் ஃபில்டர் கழுவும் நேரத்தை அட்டவணையிலேயே எழுதுங்கள். கழுவுகிறவருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.