காலடிகள் காக்கும் வழி

நார்வே நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டி மலைவெளிகளைக் கடந்து செல்வோருக்காக, 1868-இல் தோன்றிய மலையேற்றக் கழகம் ஒன்றின் தன்னார்வலர்கள் முன்னதாகவே சென்று வழிநெடுக மரக்கிளைகளைப் பனியில் நட்டு வைக்கிறார்கள். புதுப்பனி தடத்தை மூடினாலும் கிளை வழிகாட்டும்.

அலங்காநல்லூர்க்காரர்களான எங்களுக்குப் பனி என்பது மார்கழி விடியலில் வயல்மீது படியும் மூட்டம் மட்டுமே. எனினும் அச்செய்தி எங்களுக்கு அயலாகத் தோன்றவில்லை. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் அதற்கு இணையான ஒன்றை நாங்கள் கண்டிருக்கிறோம்.

யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்து, அதற்கு எதிர்ப்பும் கிளம்பிய காலத்தில், 2010-இல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 'பசுமை நடை'யைத் தொடங்கினார். தன்னார்வலர்களின் உழைப்பால் இயங்கும் அமைப்பு அது. கீழக்குயில்குடி, மாங்குளம், அரிட்டாபட்டி என ஊர்மக்கள் மட்டுமே அறிந்திருந்த ஒற்றையடிப் பாதைகளில் நகரத்தவரின் காலடிகளும் பதியலாயின. நாங்களும் ஞாயிறு விடியலில் இருசக்கர வண்டிகளில் கிளம்பிவிடுவோம். கையில் தண்ணீரும், பாதையில் கிடக்கும் நெகிழிக் குப்பையை அள்ளிவர ஒரு சாக்கும் இருக்கும்.

மாங்குளத்தில் ஏறி நின்றால் ஓர் உண்மை விளங்கும். நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த தமிழிக் கல்வெட்டுகள் அங்குள்ளன. வெள்ளறை நிகமத்து வணிகர்களின் கொடையும் அவற்றில் பதிவாகியிருக்கிறது. ஊர் ஊராய் நடந்த சமணத் துறவியர்க்குக் கற்படுக்கை செதுக்கி, மழைநீர் உள்ளே வழியாதிருக்கக் குகையின் நெற்றியில் காடி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முகமறியா நடையர்க்காக உழைப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆனால் நார்வேக்கும் நமக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே தடம் அழியும், மலை நிற்கும். இங்கே தடம் முதியோர் நினைவில் நிற்கும், மலைதான் அழியும். கருங்கல்லுக்காக அறுக்கப்பட்ட குன்றுகளை மேலூர்ப் பக்கம் எங்கும் காணலாம்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம், தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, அதையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2000 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் திரண்டு மதுரையை நோக்கி நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

வென்றவர்கள் அவ்வூர் மக்களே. எங்களைப் போன்றோர் அங்கே விருந்தினர். ஆயினும் விருந்தினருக்கும் ஒரு கடமை உண்டு நண்பர்களே. வரைபடத்தில் வெற்றுப் பாறை என்று குறிக்கப்படும் ஓரிடத்தில் சுனை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, ஆடு மேய்ப்பவரின் வழி இருக்கிறது என்று கண்ணால் கண்டு நால்வருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு கீழக்குயில்குடி செல்கிறோம். வருபவர்கள் ஆளுக்கொரு சாக்கு கொண்டுவருக.