அக்கா மகனிடம் மறைத்தது

என் அக்கா மகனின் வாலிபம் திண்ணையிலேயே கழிந்ததற்குக் காரணம் அவன் நோய் பாதி, நான் பாதி.

அவர்கள் ஊர் பெரம்பலூரை அடுத்த செட்டிகுளம் பக்கம். அக்காவைச் சொந்தத் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தோம். பொழுது சாய்ந்தால் பையனுக்கு வரப்பு தெரியாது. வாய்க்காலில் விழுந்து எழுந்து வருவான். மாலைக்கண் என்று முருங்கைக்கீரையாக ஊட்டினோம். திருச்சியில் காட்டியபோதுதான் பரம்பரை விழித்திரை நோய் என்றார்கள்: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடுமாம்.

நான் அரியலூரில் இயற்பியல் வாத்தியார். 2013 பிப்ரவரியில் ‘ஆர்கஸ் 2’ என்ற செயற்கை விழித்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்த செய்தியைப் படித்ததும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். “கண்ணு வந்துரும்டா, மாமா இருக்கேன்” என்றேன். ஊனமுற்றோர் அட்டைக்கு எழுதிப் போடச் சொன்ன நர்ஸம்மாவை, “குருடன்னு முத்திரை குத்தணுமா?” என்று திருப்பி அனுப்பினேன். வெள்ளைக் கோலையும் தொடவிடவில்லை.

முழு விவரத்தைப் படித்தது அப்புறம்தான். மூக்குக் கண்ணாடியில் கேமரா, இடுப்பில் ஒரு கருவி, விழித்திரைமேல் 60 மின்முனைகள். தெரிவதெல்லாம் வெளிச்சப் பொட்டுகள். கதவு எது, சுவர் எது என்று ஊகிக்கலாம், முகம் தெரியாது. விலை ஒன்றரை லட்சம் டாலர். அதுவும் 25 வயது நிறைந்து, பார்வை அநேகமாக முழுக்கப் போனவர்களுக்கு மட்டும். இவனுக்கு அப்போது 19. பகலில் நேர்ப்பார்வை இருந்தது. இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. நான் போனால் அந்த வீட்டில் நாட்டுக்கோழி அடிப்பார்கள். அந்த மரியாதையை இழக்க மனசு வரவில்லை, வேறொன்றுமில்லை.

2019இல் ஆர்கஸ் 2-ஐத் தயாரித்த செகண்ட் சைட் கம்பெனி அந்தக் கருவியையே கைவிட்டது. உலகம் முழுக்கப் பொருத்திக்கொண்டிருந்த 350க்கும் மேற்பட்டவர்கள், பழுதானால் பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். அப்போதும் “இன்னும் கொஞ்ச நாள் மாப்ளே” என்றேன்.

அவன் வெங்காயப் பட்டறை ஓரம் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தான். விரலால் ஒரு தடவு தடவி அழுகலைத் தனியே எறிவான், ஒன்று தப்பாது. பிரெய்ல் படிக்க வேண்டிய விரல்.

2025 அக்டோபரில் ‘பிரைமா’ என்ற சில்லு பற்றிய ஆய்வு வந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்த 32 பேரில் 27 பேர் மறுபடி எழுத்து படித்தார்கள். ஆனால் அது வயோதிகத்தில் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்களுக்கு. இவன் நோய்க்கு இல்லை. இந்தத் தடவை அதையும் சொன்னேன், பழைய கதையையும் சொன்னேன். “அப்பவே தெரியுமா மாமா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

அட்டை இப்போதுதான் கைக்கு வந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நாளைக்கே கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள். படித்த மாமன் எவனாவது தடுத்தால் கேட்காதீர்கள்.