ஆரணி - பாரிஸ் - லியோன்: தறிக்காரர் மகன் ஊர் சுத்திய கதை

போன மே மாசம் மூணு வாரம் டுசல்டார்ஃப் போயி ஆணி புடுங்கிட்டு வாப்பான்னு ஆபீஸ்ல அனுப்பி வச்சாங்க. கடைசியில ஒரு வாரம் சொந்த லீவு போட்டுக்கிட்டேன். ஒரே விசால ஜெர்மனி, பிரான்ஸ் ரெண்டையும் பாத்துடலாம். அதை விட முக்கியம், தங்கற செலவு இல்லை. டுசல்டார்ஃப்ல பெரியப்பா பொண்ணு (அக்கா) இருக்காங்க. பாரிஸ் பக்கத்துல சார்சேல்ல அப்பாவோட அக்கா, அதாவது எங்க அத்தை. லியோன்ல அத்தை பையன். மூணு ஊர், மூணு வீடு, மூணு வேளை சோறு. ஐரோப்பாவை இதை விட சல்லிசா எவனும் பாத்திருக்க மாட்டான் :-)

கிளம்பறப்ப மனசுல ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆரணில எங்க வீட்டுக் கூடத்துல ரெண்டு குழித்தறி. அப்பாவுக்கு 61 வயசு, மூட்டு வலி. ஒரு தறி நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. கூடத்தை வாடகைக்குக் குடுங்க, ரெண்டு குழியையும் மூடிட்டு செல்ஃபோன் கடை போட்டுக்கறேன்னு ஒருத்தர் நடையா நடக்கறாரு. "நீ போயிட்டு வா, வந்தப்புறம் பேசிக்கலாம்"னு அப்பா சொல்லிட்டாரு. அந்த "பேசிக்கலாம்" பொட்டியோட சேந்து ஃப்ளைட் ஏறிடுச்சு.

கிரெஃபெல்ட்

மொத சனிக்கிழமை. "ரைன் நதி பாத்தாச்சு, டவர் பாத்தாச்சு, வேற என்னக்கா இருக்கு?"ன்னேன். மாமா சொன்னாரு, "உங்க ஊர் மாதிரியே ஒரு ஊர் இருக்குடா, போறியா?"

யூ76 டிராம் ஏறினா கிரெஃபெல்ட் போயிடலாம். ஜெர்மன்காரங்க அதை வெல்வெட்டும் பட்டும் விளைஞ்ச ஊருன்னுதான் சொல்றாங்க. 18ஆம் நூற்றாண்டுல ஃபொன் டெர் லையன்னு ஒரு குடும்பம் பட்டு வியாபாரத்துல கொடிகட்டிப் பறந்திருக்கு. ஊருக்குள்ள ஒரு சிலை. ராஜா இல்லை, தளபதி இல்லை, ஒரு நெசவாளி. பேரு மாஸ்டர் பொன்சலார். நெஞ்சு முடிச்ச துணியை உருளையோட தோள்ல போட்டுக்கிட்டு முதலாளி வீட்டுக்குக் குடுக்கப் போறாரு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க தெருவுல சேலையை மடிச்சு துணிப்பையில வச்சுக்கிட்டு சைக்கிள்ல போவாங்க, இவரு உருளையோட நடந்து போறாரு, அவ்வளவுதான் வித்தியாசம். போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப் பண்ணேன். பதில் வந்துச்சு: "கூலி வாங்கப் போறாரா, வாங்கிட்டு வராரா?"

அடுத்த வாரம் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்துத் தமிழர்கள் எழுப்பினது, 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு. சுத்தி தொழிற்பேட்டை, நடுவுல கோபுரம். காஞ்சிபுரத்து அம்மன் ஒருத்தி போருக்குத் தப்பி ஓடின பிள்ளைங்களோட ஜெர்மனி வரைக்கும் வந்து உக்காந்திருக்கா. அன்னைக்கு அவளுக்குச் சாத்தியிருந்த பட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். எந்த ஊர்த் தறின்னு யாருக்குத் தெரியும். ஆரணில நெஞ்சு காஞ்சிபுரம் கடையில பேரு மாறிப் போற சேலைங்க எத்தனையோ. எங்க ஊர்ப் பட்டுக்கும் தனியா புவிசார் குறியீடு இருக்குங்கறது எங்க ஊர்லயே நெறைய பேருக்குத் தெரியாது.

பாரிஸ்

ஈஃபில் டவர் பத்தி எழுதாத தமிழன் கிடையாது, அதனால ஷார்ட்டா முடிச்சுக்கறேன். 1889ல கட்டினது, 330 மீட்டர், கியூ அதை விட நீளம். முடிஞ்சுது.

சொல்ல வேண்டியது அத்தையைப் பத்தி. அத்தை வாக்கப்பட்டது புதுச்சேரில. 1962ல புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேந்தப்ப, அங்க பொறந்தவங்க வேணும்னா பிரெஞ்சுக் குடியுரிமையையே வச்சுக்கலாம்னு ஒப்பந்தம். மாமாவோட அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. மாமா பிரெஞ்சு ராணுவத்துல சேந்தாரு. புதுச்சேரில அந்த மாதிரி ஆளுங்களை "சொல்தா"ன்னுவாங்க. ஒரு கையெழுத்து, ஆரணில பாவு பிணைச்சுக்கிட்டிருந்த பொண்ணு பாரிஸ் புறநகர்ல ஆறாவது மாடிக்குப் போயிட்டாங்க. மாமா இப்ப இல்லை.

இதுல ஒரு வேடிக்கை. 1751 டிசம்பர்ல எங்க ஆரணிலயே ஒரு சண்டை நடந்திருக்கு. ஒரு பக்கம் ராபர்ட் கிளைவ், இன்னொரு பக்கம் சந்தா சாகிப் மகன் ராசா சாகிப், துணைக்கு பிரெஞ்சுப் படை. பிரெஞ்சுக்காரங்க பக்கம் தோத்துடுச்சு. "அன்னைக்கு அவங்க ஜெயிச்சிருந்தா நான் விசா இல்லாமலே வந்திருப்பேன் அத்தே"ன்னேன். "அப்பவும் எனக்கு இந்த லிஃப்ட் ரிப்பேராத்தான் இருந்திருக்கும், காய்கறிப் பையைத் தூக்குடா கண்ணு"ன்னாங்க.

லா ஷப்பேல் போனோம். தமிழ்ல போர்டு, முருங்கக்காய், வாழையிலை, பட்டுச் சேலைக் கடை. 1985ல ஆரம்பிச்ச மாணிக்க விநாயகர் கோயில் அங்கதான். சேலைக் கடையில அத்தை ஒரு சேலையை விரிச்சு, முந்தியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாத்தாங்க. ஜரிகையை நகத்தால ஒரு நெருடு. மடிச்சு வச்சுட்டு வெளிய வந்து, "பவர்லூம்"னு மட்டும் சொன்னாங்க. அத்தைக்கு இன்னும் கை மறக்கலைன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

"லியோனுக்கு நானும் வரேன், பையனைப் பாத்து நாளாச்சு"ன்னாங்க. டிஜிவி ரயில், ரெண்டு மணி நேரம். புளியோதரை கட்டிக்கிட்டோம்.

லியோன்

லியோன்ல ரெண்டு குன்று. ஃபூர்வியேர்ல பெரிய மாதா கோயில் இருக்கு, அதை வேண்டுற மலைன்னு சொல்றாங்க. எதுத்தாப்புல குருவா ரூஸ், அது உழைக்கிற மலை. நெசவாளிங்க மலை. அவங்களுக்குப் பேரு கனூ. 1536லயே ராஜா முதலாம் பிரான்சுவா லியோனுக்குப் பட்டு நெய்ய உரிமை குடுத்திருக்காரு.

மச்சான் முன்னாடி நடக்க, அத்தை மூச்சு வாங்கிக்கிட்டு பின்னாடி. வீடெல்லாம் கூரை நாலு மீட்டர் ஒசரம், பெரிய பெரிய ஜன்னல். ஜக்கார்டு தறி உள்ள நிக்கணுமே. நாம தரையைத் தோண்டி காலை உள்ள விட்டோம், அவங்க கூரையை ஒசத்திட்டாங்க.

கனூ மாளிகைன்னு ஒரு சின்ன மியூசியம். ஜோசப் மரி ஜக்கார்டு 1752ல லியோன்ல பொறந்தவரு (எங்க ஊர் சண்டைக்கு அடுத்த வருஷம்!). 1804 வாக்குல அவரு செஞ்ச பொறிதான் இன்னைக்கும் எங்க வீட்டுத் தறி மேல உக்காந்திருக்கு. பக்கத்துல நின்னு கம்பியை இழுத்துக்குடுக்கற ஆளுக்குப் பதிலா, வரிசையாக் கோத்த அட்டைங்க. ஓட்டை இருந்தா கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லைன்னா தூக்காது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா ஒண்ணு, சைபர். இந்த அட்டையைப் பாத்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னோட கணக்குப் பொறிக்கு அட்டை வைக்க நெனச்சாரு. 1890 அமெரிக்க சென்சஸ்ல ஹோலரித் ஓட்டை போட்ட அட்டையில ஆளுங்களை எண்ணினாரு. எங்கப்பா தறியை விட்டு என்னைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினதா நெனச்சுக்கிட்டிருக்காரு. அனுப்பினது தறியோட பேரன் வீட்டுக்குத்தான்.

ஒருத்தர் தறியில ஏறி நெஞ்சு காட்டினாரு. அந்தச் சத்தத்துக்கு லியோன்காரங்க வச்ச பேரு பிஸ்தாங்கிளாக். நல்லாத்தான் இருக்கு. ஆனா விடிகாலை அஞ்சு மணிக்கு எங்க தெருவுல முப்பது வீட்டுல ஒண்ணா கேக்கணும்.

நடுவுல ஒரு இழை அறுந்துச்சு. அவரு நிறுத்திட்டு முடிச்சுப் போட்டாரு. நான் திரும்பிப் பாத்தா, அத்தையோட கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானா திருகிக்கிட்டு இருக்கு. கைடு அம்மா அதைக் கவனிச்சுட்டு ஏதோ கேட்டாங்க. அத்தை பிரெஞ்சுல பதில் சொன்னாங்க. மச்சான் மூஞ்சி மாறிடுச்சு.

"என்னடா?"ன்னேன்.

"அம்மா பதினெட்டு வயசு வரைக்கும் பாவு... அந்த நூல் ஒண்ணோட ஒண்ணு சேக்கறது... அந்த வேலை செஞ்சாங்களாம். எனக்குத் தெரியாது."

பழைய பாவு முடிஞ்சதும் புதுப் பாவோட ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொண்ணா, விரல்ல சாம்பல் தொட்டுத் திருகிச் சேக்கற வேலை. தெருவுல வீடு வீடாப் போயி பொம்பளைங்கதான் செய்வாங்க. லியோன்லயும் அந்தக் காலத்துல பொம்பளைங்கதான்னு கைடு சொன்னாங்க. முப்பத்தஞ்சு வயசு மச்சானுக்கு அவங்கம்மாவோட தொழில் பிரெஞ்சு மியூசியத்துல வச்சுத்தான் தெரிய வந்துச்சு.

அப்புறம் 1831 கதை. இதுதான் என்னை உலுக்கினது. வியாபாரி பட்டு நூல் குடுப்பான், நெசவாளி சொந்தத் தறியில நெஞ்சு குடுப்பான், கூலியை வியாபாரி வைப்பான். அப்படியே எங்க ஊர் கதை! கூலிக்கு ஒரு கீழ் வரம்பு வேணும்னு கனூக்கள் கேட்டாங்க. அக்டோபர்ல பேச்சுவார்த்தை நடத்தி கவர்னர் மாதிரி இருந்த அதிகாரி ஒத்துக்கிட்டாரு. வியாபாரிங்க சில பேரு முடியாதுன்னாங்க. நவம்பர்ல மலையை விட்டு நெசவாளிங்க இறங்கினாங்க, ஊரையே புடிச்சுட்டாங்க. வேலை செஞ்சு வாழறோம், இல்லைன்னா சண்டை போட்டுச் சாவறோம்னு கறுப்புக் கொடி. பாரிஸ்லேந்து 20,000 பேரு ராணுவம் வந்துச்சு. கூலி ஒப்பந்தம் ரத்து, ஒத்துக்கிட்ட அதிகாரிக்கும் வேலை போச்சு. 1834ல மறுபடி எழுந்தாங்க, அதுவும் ரத்தத்துல முடிஞ்சுது.

எல்லாம் கேட்டுட்டு அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இப்ப நெஞ்சாரே, அவருக்கு ஒரு கெஜத்துக்கு என்ன கூலி?"

கெஜக் கணக்கு இல்லை, மியூசியத்துல மாசச் சம்பளம்னு பதில். அத்தை தமிழ்ல என்கிட்ட சொன்னாங்க: "அப்ப நெய்யறதுக்குக் கூலி இல்லை. நெய்யறதைக் காட்டறதுக்குத்தான் கூலி."

முழுசாச் சொல்லணும்னா, ப்ரெல் மாதிரி 1752லேந்து இருக்கற ஒண்ணு ரெண்டு நிறுவனத்துல இன்னும் கைத்தறி ஓடுது. வெர்சாய் அரண்மனை மாதிரி எடங்களுக்குப் பழைய துணியை அப்படியே மறுபடி நெஞ்சு குடுக்கறாங்க. ஆனா கண்ணால பாத்த வரைக்கும் அந்த மலைத் தெருவெல்லாம் காபிக் கடை. தறி நின்ன நாலு மீட்டர் ஒசரத்து வீட்டுக்கெல்லாம் இப்ப நல்ல கிராக்கி.

திரும்பி வந்தப்புறம்

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். 1831 வந்ததும் சாப்பிட்டுக்கிட்டிருந்த கையை நிறுத்திட்டு, "அப்புறம் கூலி ஏத்தினாங்களா இல்லையா?"ன்னாரு. இல்லைப்பான்னேன். "ம்"முன்னு சொல்லிட்டு சாப்பிட ஆரம்பிச்சாரு.

நம்ம பாரம்பரியம், நம்ம கலை, தறியை விக்கக் கூடாதுன்னெல்லாம் வசனம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. நான் நெய்யக் கூடாதுன்னுதான் என்னை இன்ஜினியரிங் படிக்க வச்சாரு. நாலு வருஷ ஃபீஸும் அந்தத் தறியில வந்தது. நின்னு போன தறியைக் கழட்டி, ஒரு குழியை மூடி, பாதிக் கூடத்தைக் கடைக்கு விட்டாச்சு. இன்னொரு தறி ஓடுது.

ரெண்டு மாசம் கழிச்சு அத்தை போன் பண்ணாங்க. மச்சானுக்கு நிச்சயம் ஆகியிருக்கு, பொண்ணு லியோன்காரி. "மூணு சேலை வேணும் தம்பி. நீ நெய்யறதா இருக்கணும். நூல் பணம் அனுப்பறேன். கூலி நீ எவ்வளவு சொல்றியோ அது"ன்னாங்க அப்பாகிட்ட.

அப்பா ரெண்டு நாள் பதிலே சொல்லலை. மூணாவது நாள் ராத்திரி, ஒரு பழைய ஜக்கார்டு அட்டையில பென்சில்ல கணக்குப் போட்டு அடிச்சு அடிச்சு எழுதிக்கிட்டிருந்தாரு. என்னப்பான்னேன்.

"நாப்பது வருஷமா அவங்க சொல்ற கூலிக்கே நெஞ்சுட்டேன்டா. என் கூலியை நானே எப்படிப் போடறதுன்னு தெரியலை. நீதான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற இல்ல, உக்காரு."

உக்காந்தோம். எத்தனை நாள் ஆவும், தார் சுத்தற அம்மாவுக்கு எவ்வளவு, பாவு பிணைக்க எவ்வளவு, மூட்டு வலி மருந்து எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா எழுதினோம். வந்த தொகையைப் பாத்துட்டு, "இவ்வளவா? அக்காகிட்ட எப்படிடா கேப்பேன்"னு பாதியாக் குறைக்கப் பாத்தாரு. அட்டையைப் புடுங்கி போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பிட்டேன்.

முதல் சேலை இப்ப தறியில இருக்கு. அரக்கு உடல், மயில் கழுத்துப் பச்சைல முந்தி.

டிஸ்கி: லியோன் போறவங்க திராபூல்ங்கற சந்து வழிகளைத் தவற விடாதீங்க. வீட்டுக்கு வீடு உள்ளாறவே போற பாதை. நனையாம பட்டுத் துணியைத் தூக்கிட்டுப் போவாங்களாம். ஆனா அங்க ஜனங்க குடியிருக்காங்க, சத்தம் போடாம நடங்க மக்கள்ஸ்.