லாக் ஷீட்டில் இல்லாத கட்டம்

மூன்றாம் வருடம் இன்-பிளான்ட் டிரெயினிங் போனவங்களுக்குத் தெரியும், அங்கே நமக்கு என்ன வேலை தருவாங்கன்னு. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு யார் பின்னாடியாவது நடக்கணும், அவர் சொல்ற எண்ணை எழுதணும். எனக்குக் கிடைத்தது ஒரு டேங்க் ஃபார்மின் ஃபயர் செக்‌ஷன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஃபோம் டெஸ்ட் நடந்த அன்றைக்கு என் கையில் ஒரு லாக் ஷீட்டும் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் கொடுத்தார்கள்.

நீலக் கேனில் 'ஏ ட்ரிபிள் எஃப் 3%' என்று எழுதியிருந்தது. 3 பங்கு ஃபோம் திரவம், 97 பங்கு தண்ணீர். திறந்துவிட்டதும் பொங்கிப் பொங்கி வந்தது பாருங்க, அந்த வெயிலில் பனி விழுந்த மாதிரி இருந்தது. நானும் இன்னொரு பையனும் முழங்கால் வரை இறங்கி நின்று போட்டோ எடுத்தோம், ஸ்டோரியும் போட்டோம். டெஸ்ட் முடிந்ததும் ஹோஸ் அடித்து எல்லாவற்றையும் மழைநீர்க் கால்வாயில் தள்ளிவிட்டார்கள். "அண்ணே, இது எங்க போகும்?" என்று கேட்டேன். "சோப்புத் தண்ணிதான் தம்பி, மண்ணுல போயிரும்" என்றார். நல்ல மனிதர். தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

அடுத்த செமஸ்டரில் சேஃப்டி எலெக்டிவ் செமினாருக்கு இதையே தலைப்பாக எடுத்தேன். பத்து ஸ்லைடு, போட்டோ கைவசம், வேலை முடிந்தது என்று நினைத்தேன். தேடத் தொடங்கியதும் வந்து நின்றவை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள். ஃபோமுக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் ஒன்று. இந்த ஃபோம் உண்மையிலேயே பிரமாதமான என்ஜினீயரிங். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். ஃப்ளூரின் கலந்த சர்ஃபாக்டன்ட் அதை 16, 17-க்கு இறக்கிவிடும். அது பெட்ரோலின் இழுவிசையைவிடக் குறைவு. அதனால் பெட்ரோல்மேல் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவி ஆவியை அமுக்கிவிடுகிறது. 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் த்ரீஎம் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கியது. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் ஒரு ராக்கெட் தவறுதலாகக் கிளம்பி, எரிபொருள் கொட்டித் தீப்பிடித்து 134 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு இந்த ஃபோம் ராணுவம் முழுக்கப் பரவியது. எத்தனை உயிரை அது காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

பிரச்சினையும் அதே ஃப்ளூரினில்தான். கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு தீயிலும் சுலபத்தில் உடையாது, மண்ணிலும் உடையாது, நம்ம உடம்பிலும் உடையாது. இந்தக் குடும்பத்துக்கு மொத்தமாக பீஃபாஸ் என்று பெயர். த்ரீஎம் ஃபோமில் முக்கியமாக இருந்த பி.எஃப்.ஓ.எஸ். ரத்தத்தில் கலந்தால் பாதி குறையவே ஏறக்குறைய 5 வருடம் ஆகும். ஃபோமில் நின்று பயிற்சி எடுத்த அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் பலர் வழக்கில் சொல்வது என்ன தெரியுமா? "சோப்புத் தண்ணி மாதிரிதான்னு எங்ககிட்ட சொன்னாங்க." அதைப் படித்தபோது எனக்கு அந்த அண்ணனின் குரல்தான் கேட்டது.

இப்படி வந்த வழக்குகளை எல்லாம் 2018 டிசம்பரில் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்தில் ரிச்சர்ட் கெர்கெல் என்ற ஒரே நீதிபதியிடம் சேர்த்துவிட்டார்கள். கம்பெனிகள் தரப்பு வாதம் நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கமானது: "கஸ்டமர் ஸ்பெக் கொடுத்தார், ஸ்பெக் படி செய்து கொடுத்தோம்." இங்கே கஸ்டமர் அமெரிக்க ராணுவம். இந்த வாதத்துக்கு அங்கே சட்டத்தில் ஒரு பலமான ஆதாரமும் இருக்கிறது. ஒரு ராணுவ ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. உள்ளே இருந்தவர் அடிபட்டுச் சாகவில்லை. அவசரக் கதவு வெளிப்பக்கம் திறக்கும் டிசைன், தண்ணீர் அழுத்தத்தில் திறக்க முடியாமல் மூழ்கிப் போனார். அவருடைய அப்பா போட்ட வழக்கில், அரசு ஒப்புக்கொண்ட டிசைன் என்றால் தயாரித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சொன்னது. ஆனால் மூன்று நிபந்தனை வைத்தது. ஸ்பெக் ஓரளவு துல்லியமாக இருந்து அரசு அதை ஒப்புக்கொண்டிருக்கணும். பொருள் அதற்குப் பொருந்தணும். தனக்குத் தெரிந்து அரசுக்குத் தெரியாத ஆபத்து ஏதாவது இருந்தால் அதை அரசிடம் சொல்லியிருக்கணும்.

மூன்றாவதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்து டீ குடிக்கப் போனேன்.

ஏன்னா 1970-களிலேயே இந்த ரசாயனங்கள் தன் தொழிலாளிகளின் ரத்தத்தில் இருப்பது த்ரீஎம்முக்குத் தெரியும். 1975-இல் வெளியிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள் சாதாரண மக்களின் ரத்தத்திலும் ஃப்ளூரின் சேர்மம் இருக்கிறது என்று அந்தக் கம்பெனியைத் தொடர்புகொண்டு கேட்டார்கள். பி.எஃப்.ஓ.எஸ். தயாரிப்பை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது 2000-இல். நடுவில் 25 வருடம்! 2022 செப்டம்பரில் நீதிபதி கெர்கெல், விசாரணை இல்லாமலே 'ஸ்பெக்' வாதத்தால் கம்பெனி தப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். ராணுவ ஸ்பெக் ஃப்ளூரோகார்பன் சர்ஃபாக்டன்ட் வேண்டும் என்றுதான் கேட்டது, பி.எஃப்.ஓ.எஸ். தான் வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்ததை அரசிடம் முழுதாகச் சொன்னார்களா என்பதை ஜூரி பார்க்கட்டும் என்றார். குற்றவாளி என்று தீர்ப்பு இல்லை, கதவு மூடவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கதவு மூடாததே போதுமானதாக இருந்தது. 2023 ஜூனில் ஃப்ளோரிடாவின் ஸ்டூவர்ட் நகரம் போட்ட குடிநீர் வழக்கு விசாரணைக்கு வர இருந்த நேரத்தில், தப்பை ஒப்புக்கொள்ளாமலே த்ரீஎம் குறைந்தது 1,030 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. டூபாண்ட் வகையறா தனியாக 118.5 கோடி. கேட்கப் பெரிய தொகை. ஆனால் அது குடிநீர் அமைப்புகளுக்கு, தண்ணீரைச் சுத்தம் செய்ய. நோய் வந்த வீரருக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது.

அவர் வழக்கு வேறு, அதுதான் கஷ்டமானது. 50 வயதில் சிறுநீரகப் புற்றுநோய் வந்த ஒரு தீயணைப்பு வீரரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ரசாயனம் இந்த நோயை உண்டாக்குமா என்பது முதல் கேள்வி. உண்டாக்கும் என்றே வைத்தாலும், *உங்களுக்கு* வந்தது இதனால்தானா என்பது இரண்டாவது. புகை? டீசல்? சிகரெட்? தீயணைப்பு வேலையே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-இல் வகைப்படுத்தியது. வீரருக்குச் சாதகம் என்று தோணும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே காட்டி, "அப்போ புகையால வந்திருக்கலாமே?" என்பார். அடுத்த வருடம் அதே நிறுவனம் பி.எஃப்.ஓ.ஏ.வை உறுதியான புற்றுநோய்க் காரணி என்றது. த்ரீஎம் ஃபோமின் பி.எஃப்.ஓ.எஸ்.ஸை 'இருக்கக்கூடும்' வரிசையில் நிறுத்தியது.

மேற்கு வர்ஜீனியாவில் இந்த முதல் கேள்வியை ஒரு வித்தியாசமான வழியில் தாண்டினார்கள். 'டார்க் வாட்டர்ஸ்' படம் பார்த்திருந்தால் அந்த ஊர்தான். டூபாண்ட் ஆலையின் பி.எஃப்.ஓ.ஏ. குடிநீரில் கலந்த வழக்கு. சமரசப் பணத்தில் சுமார் 69,000 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூன்று நிபுணர்கள் 'தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்' என்று சொல்லும் நோய்களுக்கு, அந்த ரசாயனத்தால் வருமா என்று டூபாண்ட் தகராறு செய்யக் கூடாது என்பது ஒப்பந்தம். 2012-க்குள் ஆறு நோய்களைச் சொன்னார்கள். 2017-இல் சுமார் 3,500 வழக்குகள் 67 கோடி டாலருக்கு முடிந்தன. ஃபோம் வழக்கின் வீரர்களிடம் இப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொன்றையும் அவர்களே நிரூபிக்கணும்.

நோய் வரும் வரை காத்திருக்கணுமா என்று ஸ்வீடனில் கேட்டார்கள். ரொன்னபி பகுதியில் கல்லிங்கே என்று ஓர் ஊர். விமானப்படைத் தளத்தின் ஃபோம் நிலத்தடி நீரில் இறங்கிக் குடிநீரில் வந்தது 2013 டிசம்பரில்தான் தெரிந்தது. ஊர்க்காரர்கள் தண்ணீர் கொடுத்த நகராட்சிக் கம்பெனிமேல் வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, 2023 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ரத்தத்தில் இவ்வளவு பீஃபாஸ் இருப்பதே உடல் காயம்தான், நோய் வந்திருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. செமினாரில் இதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "அப்போ உன் காலுக்கும் கேஸ் போடலாமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஒரு நாள் முழங்காலில் ஃபோம் பட்டதால் எதுவும் ஆகாது, அது எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் அதில் நிற்பவர் அந்த அண்ணன்.

மெல்போர்னில் 285 தீயணைப்புத் துறையினரை வைத்து 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடம் தொடர்ந்து ரத்தமோ பிளாஸ்மாவோ தானம் செய்தவர்களுக்கு உடம்பில் பி.எஃப்.ஓ.எஸ். குறைந்தது, பிளாஸ்மா கொடுத்தவர்களுக்கு அதிகமாக. அந்தச் செய்தியை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கேனில் என்ன கம்பெனி, எந்த வருடம் என்று பார்க்கச் சொல்லி. இப்போது ஃப்ளூரின் இல்லாத ஃபோமும் வந்துவிட்டது, அமெரிக்க ராணுவமே 2023-இல் அதற்கு ஸ்பெக் போட்டிருக்கிறது என்றும் எழுதினேன். ப்ளூ டிக் விழுந்தது. ரெண்டு நாள் கழித்து, "பார்க்கிறேன் தம்பி. ஆனா வாங்குறது நான் இல்லையே" என்று பதில் வந்தது.

அந்த லாக் ஷீட்டின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஃபோம் வர எடுத்த நேரம், விரிவு விகிதம், வடியும் நேரம், அழுத்தம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ஃபோம் எங்கே போனது என்பதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் 'ரிமார்க்ஸ்' என்று ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. அதில் என் கையெழுத்தில் 'ஓகே' என்று எழுதி, கீழே இனிஷியலும் போட்டிருக்கிறேன்.