பாவும் ஊடையும்

போன வாரம் பேத்தி ஒரு பட்டுப்புடவையோடு வந்தாள். முதல் சம்பளத்தில் அவள் அம்மாவுக்கு எடுத்தது. "தாத்தா, இது அசல்தானான்னு கொஞ்சம் பாருங்க" என்றாள்.

கோவையில் ஒரு மில்லின் சோதனைக்கூடத்தில் 36 வருஷம் நூலோடு குடித்தனம் நடத்தியவன் நான். இழையை எரித்து ரகம் சொல்வது பழகிப்போன வேலை. ஆனாலும் தீப்பெட்டியை எடுத்தால் 1975 தீபாவளி ஞாபகம் வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. சீட்டுப் பணத்தில் அப்பா அம்மாவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வந்திருந்தார். கல்யாணப் புடவைக்குப் பிறகு அவளுக்கு வாய்த்த முதல் பட்டு. கூடத்தில் அத்தை, சித்தி எல்லாரும் இருந்தார்கள். எனக்கோ புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டும் ஆசை. உள்தலைப்பின் வெட்டிய ஓரத்திலிருந்து குறுக்கிழை ஒன்றை உருவிக் கொளுத்தினேன். காகிதம் மாதிரி குபுக்கென்று எரிந்தது. காகித வாசனை, துளி சாம்பல்.

"பட்டே இல்லீங்கப்பா, ரேயான். நல்லா ஏமாத்திட்டாங்க" என்றேன்.

அப்பா ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அம்மா புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அந்தத் தீபாவளிக்கு அதைக் கட்டவில்லை.

பட்டு அப்படி எரியாது. தீயைக் கண்டதும் சுருங்கும், மெதுவாக எரியும், தீயை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். முடி பொசுங்கும் நாற்றம் வரும். மிஞ்சும் கரிய உருண்டை விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை விடும். ஆறியபின் அதன் உருண்டை கல் மாதிரி இருக்கும், நசுங்காது. பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரியும்.

1998-ல் அம்மா போனபின் பெட்டியைத் திறந்தோம். அந்தப் புடவை இருந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். என்னமோ தோன்றி, முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினேன். முடி பொசுங்கும் நாற்றம். உருண்டை பொடியானது. நெடுக்கே ஓடும் பாவு முழுக்கப் பட்டு. குறுக்கே ஓடும் ஊடை மட்டும்தான் ரேயான்.

"பாவு வேற, ஊடை வேற. ரெண்டையும் பாக்காம வாயைத் திறக்காதே" என்று சோதனைக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான். கடைக்காரன் பாதி ஏமாற்றினான், உண்மைதான். ஆனால் பட்டே இல்லை என்று சபையில் சொன்னவன் நான். அதைத் திருத்திச் சொல்ல அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

பேத்தியைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். ஒரு தட்டு, இடுக்கி, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை எடுத்துக் கொளுத்தினோம். இரண்டும் பட்டு. ஜரிகையைச் சுரண்டினேன். அசல் ஜரிகை என்றால் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். இதில் உள்ளே வெள்ளை நூல், மேலே செம்புக் கம்பி.

"புடவை அசல் பட்டும்மா. ஜரிகை மட்டும் சாதாரணம். நீ கொடுத்த விலைக்கு இது சரிதான்" என்றேன்.

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன் தாத்தா" என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் இருவரும் கூடத்துக்கு வந்தோம்.