கொஞ்சம் நகந்து உக்காருங்க!

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். விமானத்தில் ஏறியவனும் நான்தான். சென்ற ஆண்டு சென்னையில் நடந்த மாணவர் கண்காட்சிக்கு, நாங்கள் செய்த ஏலக்காய் உலர்த்தும் பெட்டி தேர்வானது. நடத்தியவர்களே மதுரையிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அனுமந்தன்பட்டியில் இரண்டு தெருவுக்கு விஷயம் பரவிவிட்டது!

எனக்குக் கிடைத்தது நடு சீட். இரண்டு பக்கக் கைப்பிடியும் பக்கத்தில் இருந்தவர்களுக்கே சொந்தமாகிவிட்டன. முன்னால் இருந்தவர் சீட்டைச் சாய்த்தார். அது என் முழங்காலில் இடித்தது. நம்ம கம்பம் பஸ்ஸாக இருந்தால் "அண்ணே, கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்று சொல்லியிருப்பேன். அங்கே வாய் வரவில்லை. சென்னை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்ததும் மெக்கானிக்கல் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன். சாதாரண வகுப்பு சீட்டின் அகலம் ஏர்பஸ் 320-இல் சுமார் 18 அங்குலம், போயிங் 737-இல் 17. சிக்கன விமானங்களில் ஒரு சீட்டிலிருந்து அடுத்த சீட்டுக்கு 28 முதல் 30 அங்குலம்தான். அமெரிக்காவில் 2018-இல், இதற்குக் குறைந்தபட்ச அளவு வைக்கச் சொல்லிச் சட்டமே போட்டார்கள். சொகுசுக்காக அல்ல, பயணிகளின் பாதுகாப்புக்காக. 44 பேருக்கு மேல் அமரும் விமான வகை என்றால், பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும்.

செமஸ்டர் லீவில் அம்மாவிடம் "கால நீட்டவே முடியலம்மா" என்றேன். அம்மா சிரித்தார்.

"ஒனக்குன்னு தனியா ஒரு சீட்டு குடுத்தாங்கள்லப்பா?"

அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப் வந்துவிடும்; கம்பம்மெட்டு வழியாக மலை ஏறும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்ற அந்த ஜீப்பில் டேப்பை வைத்து அளந்தேன். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பலகை, ஒவ்வொன்றும் 48 அங்குலம். ஒன்றில் ஐந்து பேர். தலைக்குப் பத்து அங்குலம்கூட இல்லை!

"எப்படிம்மா?"

"ஒருத்தி முன்னத் தள்ளி, அடுத்தவ பின்னத் தள்ளி உக்காந்தா தோள் இடிக்காதுப்பா."

பல்சக்கரம் சேருகிற மாதிரி! இதை எந்த வாத்தியாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தூக்குச்சட்டி மடியில். வாந்தி வருகிறவளுக்கு மட்டும் வாசல் ஓரம்.

நான் சொன்ன குறை பொய் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் வலித்தது நிஜம். ஆனால் அந்த 90 விநாடிக் கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. கொண்டைஊசி வளைவில் போகிற ஜீப்பில் இதை யார் பார்த்தார்கள்?

மறுநாள் சாயங்காலம் ஜீப் வந்து நிற்கும்போது கைக்கடிகாரத்தோடு நின்றேன். வாசல் ஒன்றே ஒன்று. யாருக்கும் அவசரமில்லை, சிரித்துப் பேசிக்கொண்டேதான் இறங்கினார்கள். பத்தாவதாக அம்மாவின் கால் தரையில் படும்போது 110 விநாடி ஆகியிருந்தது.

"என்னத்தப்பா மணி பாக்குற? காலு மரத்துப்போச்சு, கையக் குடு" என்றார்.