நான் சிரித்த சிரிப்பு



பத்துமலையில் குடியிருப்போருக்குத் தைப்பூசம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும் விழா. சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூச நாளின் விடியற்காலையில், 272 படிகளின் அடிவாரத்தில் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். பால்குடம் எடுத்த தாயாருக்குத் துணையாக வந்திருந்தான். "வணக்கம், ஐயா" என்றான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவன் பெயரன்று. ஐந்தாம் ஆண்டில் பிற பிள்ளைகள் அவனுக்குச் சூட்டியிருந்த பட்டப்பெயர்.

அதனை இங்கு எழுத விரும்பவில்லை. அவன் பெண்பிள்ளைகளோடு விளையாடுவான்; கைகளை அசைத்துப் பேசுவான்; அழகாகக் கோலம் போடுவான். குற்றம் அவ்வளவே. ஒருநாள் என் மேசையருகே வந்து, "ஐயா, என்னை அப்படிக் கூப்பிடுறாங்க" என்று முறையிட்டான். நான் சிரித்தேன். "நீ ஆம்பளப் பிள்ளை மாதிரி நடந்தா ஏன் கூப்பிடப் போறாங்க?" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று காலை நான் கற்பித்தது 'இனியவை கூறல்' அதிகாரத்துக் குறள். அதன்பின் அவன் என்னிடம் எதையும் முறையிட்டதில்லை. சிக்கல் தீர்ந்தது என்றே எண்ணியிருந்தேன்.

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பினாங்கில் நவீன் என்னும் 18 வயது இளைஞர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, ஜூன் 15-ஆம் நாள் மருத்துவமனையில் உயிர்நீத்தார். பள்ளிக் காலத்திலேயே பெண்மைச் சாயல் உடையவர் என்று கேலிக்கு ஆளானவர் என்று செய்திகள் கூறின. அவர் தம்மை எவ்வாறு உணர்ந்தார் என்பது நாம் ஆராய வேண்டியதன்று. கேலி செய்பவர்கள் அதனைக் கேட்டுவிட்டா கேலி செய்கிறார்கள்? அச்செய்தியைப் படித்த இரவு என் சிரிப்பொலி எனக்கே கேட்டது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடம் செய்தேன். தன்பாலீர்ப்புடைய பிள்ளையோ திருநர் பிள்ளையோ நம் வகுப்பிலும் அமர்ந்திருக்கலாம் என்பதை எவரும் கற்பிக்கவில்லை. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே நீக்கிவிட்டது என்பதையும் பிற்பாடே அறிந்தேன்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2021-இல் இத்தகைய வழக்கொன்றை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதுபற்றிப் போதிய தெளிவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். அதன் பின்னரே இடைக்கால உத்தரவு வழங்கினார். 'மாற்றிக் காட்டுகிறோம்' என்று செய்யப்படும் சிகிச்சை முயற்சிகளையும் அவ்வுத்தரவு தடை செய்தது. நீதிபதியே மாணவராக அமரும்போது, ஆசிரியர் அமர்வதில் என்ன தாழ்வு?

அமெரிக்காவில் 1998 முதல் இத்தகைய இளையோருக்கு உதவிவரும் டிரெவர் புராஜெக்ட் என்னும் அமைப்பு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தம்மை ஏற்கும் பெரியவர் ஒருவரேனும் உள்ள பிள்ளைகளிடையே தற்கொலை முயற்சி 40 விழுக்காடு குறைவாக இருந்ததாம். ஒருவர் போதும்! அந்த ஒருவர் ஏன் நாமாக இருக்கக்கூடாது? சிறுபான்மை இனத்துப் பிள்ளை இரட்டைச் சுமை தாங்குகிறது. வெளியில் இனத்தால் ஒதுக்கம், வீட்டில் "சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்" என்னும் அச்சம். நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

நம் நாட்டிலும் கதவுகள் உள்ளன. 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம். அறிவுரை கூறாமல் காதுகொடுப்பதே அவர்கள் பணி. சுகாதார அமைச்சின் 15555 எண் 2022-இல் தொடங்கப்பட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, உதவி கேட்டால் காவல் நிலையம் செல்ல நேருமோ என்று பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

சமயமும் சட்டமும் குறித்து நமக்குள் கருத்து வேறுபாடுகள் இருக்கலாம். ஆனால், ஒரு பிள்ளை உயிரோடும் மனநலத்தோடும் வளர வேண்டும் என்பதில் வேறுபாடு இருக்க முடியுமா? பட்டப்பெயர் காதில் விழுந்தால் அக்கணமே நிறுத்துங்கள். பிள்ளை நம்மிடம் கூறியதை அதன் இசைவின்றி ஆசிரியர் அறையில் பேசாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் மட்டும் ஆலோசக ஆசிரியரை உடனே நாடுங்கள். அப்போதும் அதனைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

அன்று படியடியில் அவனிடம், "உனக்கு அப்போது யார் துணையாக இருந்தார்கள்?" என்று கேட்டேன். "இடைநிலைப்பள்ளியில ஒரு ஆலோசக ஆசிரியை இருந்தாங்க, ஐயா. அவங்க சிரிக்கல" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். அவன் பதில் கூறுமுன் தாயார் அழைத்துவிட்டார். கூட்டத்தில் அவன் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை என் மேசையருகே வந்து தயங்கி நின்றால், கையிலுள்ள சிவப்பு மையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

சிந்திப்போம். மீண்டும் சந்திப்போம்.